யாருடைய சம்பளம்?

மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்காதவர்களுக்கு வீடு கொடுத்து உண்டாக்கிய ஊர் ஒனிஹங்கா. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், நகர மையத்துக்குத் தெற்கே, மனுக்காவ் கடற்கழியைப் பார்த்தபடி இருக்கிறது. 1847இல் ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் நிர்வாகம், பிரிட்டிஷ் படையில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி வரவழைத்தது. அவர்களின் படைக்கு ராயல் நியூசிலாந்து ஃபென்சிபிள்ஸ் என்று பெயர். ஒனிஹங்கா, பன்மூர், ஹோவிக், ஒட்டாஹுஹு என்று நகரத்தின் தெற்கே அரைவட்டமாக நான்கு குடியிருப்புகளில் அவர்களை இறக்கினார்கள். ஒப்பந்தம் எளியது. ஒரு சிறு குடிசை, ஓர் ஏக்கர் நிலம். பதிலுக்கு ஏழு ஆண்டுகள் கூப்பிட்டபோது துப்பாக்கியோடு வர வேண்டும், ஞாயிறுதோறும் அணிவகுக்க வேண்டும். ஏழு ஆண்டு முடிந்தால் வீடும் நிலமும் அவர்களுக்கே.

நமக்கு வேண்டியது இந்த ஒப்பந்தத்தின் அடியில் இருக்கும் கணக்கு. அந்தச் சிப்பாய்களுக்கு முதலாளி இல்லை. ஆனால் இலண்டனிலிருந்து ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. தொகை சிறியது, தவணை தவறாதது. ஊரில் கூலி வேலை கிடைத்தால் அது மேல்வரும்படி.

சம்பளமில்லாதவருக்கு வீட்டுக்கடன் எப்படிக் கிடைக்கும் என்று இன்று அதே ஊரில் கேட்கிறவர்களும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் கேட்கிறார்கள். டாக்சி ஓட்டுகிறவர், வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்கிறவர், ஒப்பந்தத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர், வேலையை விட்டுவிட்டுச் சேமிப்பில் வாழ்கிறவர் என்று பலர். குடியிருக்க ஒரு வீடு ஏற்கெனவே இருக்கும். இரண்டாவதாக ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டால் அதுவே தன் கடனைக் கட்டிக்கொள்ளாதா என்பது அவர்களுடைய வாதம். வீடுதானே சம்பாதிக்கப் போகிறது, என் சம்பளச் சீட்டு எதற்கு?

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எண்கள் கற்பனை, வசதிக்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். ஒனிஹங்காவில் 10 லட்சம் டாலருக்கு ஒரு வீடு. வாரம் 750 டாலர் வாடகை. நியூசிலாந்தில் வாடகையை வாரக் கணக்கில்தான் பேசுவார்கள். ஆண்டுக்கு 39,000, மாதத்துக்கு 3,250. வட்டி 6 சதவீதம், தவணைக்காலம் 30 ஆண்டு என்றால், மாதம் 3,250 கட்டித் தீர்க்கக்கூடிய கடன் சுமார் 5,42,000 டாலர். அதாவது வீட்டின் விலையில் பாதிக்கும் சற்று மேல். வாடகையில் ஒரு காசு சிந்தாமல் கடனுக்கே போனாலும் இவ்வளவுதான் தாங்கும். முழுக் கடனையும் வீடே கட்டும் என்ற கனவு இங்கேயே பாதி கலைந்துவிடுகிறது.

வங்கி இன்னும் இரண்டு கத்தரிகளை எடுக்கிறது. முதலாவது, வாடகையை முழுதாக ஏற்காது. வங்கிக்கு வங்கி மாறும். பொதுவாக 70 முதல் 80 சதவீதம் வரைதான் வருமானமாக எடுத்துக்கொள்ளும். ஆள் இல்லாமல் வீடு காலியாகக் கிடக்கும் வாரங்கள், மாநகராட்சி வரி, காப்பீடு, ஒழுகும் கூரை எல்லாம் அந்த வெட்டுக்குள் அடங்குகின்றன. இரண்டாவது, இன்றைய வட்டியில் தவணையைக் கணக்கிடாது. அதைவிட இரண்டு மூன்று புள்ளி கூட்டி, ஒரு சோதனை வட்டியில் தாங்குமா என்று பார்க்கும். நம் வீட்டுக்கு 75 சதவீத வாடகையும் 8.5 சதவீதச் சோதனை வட்டியும் வைத்தால், அதே சுவர், அதே குடியிருப்பவர், அதே வாடகைக்கு வங்கியின் கண்ணில் தெரியும் கடன் சுமார் 3,17,000 டாலர்.

5,42,000 எங்கே, 3,17,000 எங்கே. இடையில் காணாமல்போன 2,25,000 டாலருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமென்றால், அதுதான் ஐயத்தின் விலை. நாளை என்ன நடக்குமென்று தெரியாத நிலையை இவ்வளவு துல்லியமாக எண்ணில் எழுதிக்காட்டும் இடம் அன்றாட வாழ்க்கையில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சோதனை வட்டி வங்கியின் வீண் பயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் நியூசிலாந்து ரிசர்வ் வங்கி தன் அடிப்படை வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கியது. 2023 மே மாதத்தில் அது 5.5 சதவீதத்தில் நின்றது. அங்கே வீட்டுக்கடன் வட்டியைப் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்குத்தான் நிலையாக வைக்கிறார்கள். ஆகவே உயர்வு வெகு சீக்கிரம் வீடு தேடி வந்துவிடும். 7 லட்சம் டாலர் கடனுக்கு 2.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 2,770. 7 சதவீதத்தில் சுமார் 4,660. கடன் வாங்கியவர் எதுவும் செய்யவில்லை. வட்டி மட்டும் ஏறியது.

இனி வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் வருமானம். மாதச் சம்பளக்காரரிடம் வங்கி அண்மைய சில சம்பளச் சீட்டுகளைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். சொந்தத் தொழில் செய்கிறவரிடம் வழக்கமாக இரண்டு ஆண்டுக் கணக்குகளைக் கேட்கும். கணக்காளர் கையொப்பம், வரித்துறையான இன்லேண்ட் ரெவென்யூவில் தாக்கல் செய்த வரிப் படிவம் எல்லாம் வேண்டும். முதல் ஆண்டு 60,000, இரண்டாம் ஆண்டு 1,00,000 சம்பாதித்தவரை ஒரு வங்கி 80,000காரராகப் பார்க்கும், இன்னொன்று 60,000காரராகப் பார்க்கும். வளர்ந்துவரும் தொழில் என்று அவர் பெருமைப்படலாம். வங்கிக்கோ, நாற்பதாயிரம் ஏறக்கூடியது நாற்பதாயிரம் இறங்கவும் கூடும்.

சராசரி ஒன்றாகவே இருந்தாலும் ஏற்ற இறக்கம் உள்ள வருமானத்துக்கு ஏன் மதிப்புக் குறைவு? கடன் தவணை சராசரியைப் பார்த்து வருவதில்லை. அது இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை, குறித்த தேதியில் வரும். ஆறு மாதம் பத்தாயிரமும் ஆறு மாதம் ஒன்றுமில்லாமலும் சம்பாதிக்கிறவரின் ஆண்டு வருமானம், மாதம் ஐயாயிரம் வாங்குகிறவரின் வருமானத்துக்குச் சமம். ஆனால் ஏழாவது மாதத் தவணையில் அவர் தடுக்கி விழுவார், கையிருப்பு இல்லாவிட்டால்.

கையிருப்பு என்ன செய்கிறது என்பதற்கு ஒனிஹங்காவின் தரைக்கடியிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஊருக்கு வடக்கே மவுங்காகியேகியே என்னும் அணைந்த எரிமலை. அது என்றோ கக்கிய பாறைக்குழம்பு ஆறி, வெடிப்பும் துளையும் நிறைந்த பசால்ட்டாக ஒனிஹங்கா வரை இறங்கிக் கிடக்கிறது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, குளிர்காலத்தில் மிகுதியாக, கோடையில் குறைவாக. அந்த நீர் பாறைக்குள் இறங்கி, மெல்ல நகர்ந்து, கீழே ஊற்றாக வெளிவரும்போது மழையின் துள்ளல் அடங்கிவிடுகிறது. அந்த ஊற்றுகளை நம்பித்தான் ஊரே வளர்ந்தது. ஆறு மாதத் தவணைக்கான பணத்தைக் கடனோடு இணைத்த ஆஃப்செட் கணக்கில் தொடாமல் வைத்திருக்கிற டாக்சிக்காரர் செய்வதும் இந்தப் பாறையின் வேலையே. ஆயினும் படிவத்தில் பாறைக்கான கட்டம் சிறியது. மழைக்கான கட்டமே பெரியது. சேமிப்பு ஒழுங்கை விட வரவு ஒழுங்கை வங்கிகள் அதிகம் மதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வரவு நாளையே நிற்கலாம். பழக்கம் அவ்வளவு எளிதில் நிற்காது.

சொந்தத் தொழில்காரர்களுக்கு இன்னொரு முரணும் உண்டு. ஆண்டு முழுதும் கணக்காளர் பாடுபட்டு லாபத்தைக் குறைத்துக் காட்டுவார். வண்டித் தேய்மானம், வீட்டில் ஒதுக்கிய அலுவலக அறை, தொலைபேசி என்று கழித்துக்கொண்டே போவார். மார்ச் 31இல் ஆண்டு முடியும்போது வரி குறைந்ததென்று மகிழ்ச்சி. அதே தாளை ஏப்ரலில் வங்கிக்கு எடுத்துப்போனால், இவ்வளவு குறைவாகச் சம்பாதிக்கிறவருக்கா கடன் என்று கேட்பார்கள். தேய்மானம் போல ரொக்கமாக வெளியே போகாத செலவுகளையும், ஒருமுறை மட்டுமே வந்த செலவுகளையும் வங்கி திரும்பக் கூட்டிக்கொள்ளும். நல்ல கடன் புரோக்கரின் வேலையில் பாதி இந்தக் கூட்டல்தான். கணக்கில் வராமல் கைக்கு வந்த காசை மட்டும் யாராலும் கூட்டித்தர முடியாது. வரி அலுவலகத்துக்குத் தெரியாத பணம் வங்கிக்கும் தெரியாது.

எதிர்காலத்தில் துளித்துளியாக வரப்போகும் பணத்துக்கு இன்று என்ன மொத்த விலை என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடைகளில் ஒன்று வால்வெள்ளிக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலியிடமிருந்து வந்தது. 1690களில் இங்கிலாந்து அரசு போர்ச்செலவுக்காக ஆயுள் வருடாந்திரத் தொகைகளை விற்றது. இன்று மொத்தமாகப் பணம் கட்டினால் சாகும்வரை ஆண்டுதோறும் தொகை. வாங்குகிறவரின் வயது என்னவாயினும் விலை ஒன்றே! பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று ஹாலி அட்டவணை போட்டார். 1693இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, ஒவ்வோர் ஆண்டுத் தொகையையும் அது வந்துசேரும் வாய்ப்பால் பெருக்கி, காலத்துக்கான கழிவும் போட்டுக் கூட்ட வேண்டும் என்று காட்டியது. வாய்ப்பு, கழிவு, கூட்டல். இன்றைய கடன் அதிகாரியின் கணினியில் ஓடுவதும் இவை மூன்றே. வாடகையில் போகும் கால்பங்கில் ஒரு பகுதி, வாய்ப்புக்காகப் போட்ட வெட்டு.

இந்தக் கணக்கைக் குடிமக்களுக்குச் சாதகமாகத் திருப்பிய அரசும் ஒன்று இருந்தது, அதே நியூசிலாந்தில். 1946 முதல் அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் வாரந்தோறும் ஒரு தொகை, குடும்ப வருமானம் எதுவாயினும், பொதுவாகத் தாயின் கையில் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில் 10 ஷில்லிங், 1958இல் 15 ஷில்லிங். அந்த ஆண்டு வால்டர் நாஷின் தொழிற்கட்சி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. குழந்தை வளரும்வரை வரப்போகும் வாரத் தொகைகளை முன்கூட்டியே, கழிவு போட்டு, மொத்தமாக வாங்கி வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். உச்சவரம்பு 1,000 பவுண்டு. 15 ஷில்லிங் என்பது ஆண்டுக்கு 39 பவுண்டு. இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் வரம்பை எட்டிவிடலாம். வீட்டு வேலை தவிர வேறு வேலைக்குப் போகாத ஒரு தாயின் கையெழுத்து, பிள்ளைகள் தவழ்ந்துகொண்டிருக்கும்போதே வீட்டின் முன்பணமாக மாறியது. அந்தக் குழந்தை உதவித்தொகை 1991இல் ஒழிக்கப்பட்டது.

தமிழர்களுக்கும் இதில் சொந்தப் பட்டறிவு உண்டு. மதுரை, திருச்சிப் பக்கம் ஒத்திக்கு வீடு விடுகிறவரிடம் யாரும் சம்பளச் சீட்டுக் கேட்பதில்லை. குடிவருகிறவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுப்பார், வாடகை கிடையாது, காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பும். வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன், குடியிருப்பவருக்கு வாடகையில்லா வீடு. கடன் கொடுத்தவர் அடகுப்பொருளுக்குள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பதால் கடனாளியின் வருமானத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலையில்லை. கவலை கடைசி நாளில் வரும். வீட்டுக்காரர் பணத்தைத் திருப்ப அடுத்த ஒத்திக்காரர் கிடைக்க வேண்டும், அதுவும் அதே தொகைக்கு. கொரியாவில் இதே ஏற்பாடு ஜொன்செ என்ற பெயரில் நாடு முழுதும் பரவியிருக்கிறது. 2022க்குப் பின் விலைகள் சரிந்தபோது புதிய தொகை பழைய தொகைக்குப் போதாமல் பல வீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள்.

இன்னும் பெரிய பாடம் பர்மாவில் நடந்தது. 1852க்குப் பின் கீழ் பர்மாவின் ஐராவதி வடிநிலம் நெல்வயலாக மாறியபோது, மாதச் சம்பளம் என்பதையே அறியாத உழவர்களுக்கு நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். உழவரின் வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடையில். தனித்தனியே பார்த்தால் இவன் வயலில் பூச்சி, அவன் வயலில் வெள்ளம் என்று தவறுகள் சிதறிக் கிடக்கும். ஆயிரம் பேருக்குக் கடன் கொடுத்தவருக்கு அவை ஒன்றையொன்று ஈடுகட்டும். 1930இல் உலகச் சந்தையில் அரிசி விலை விழுந்தபோது அது எல்லா வயலிலும் ஒரே நாளில் விழுந்தது. முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் 6 சதவீதம் நகரத்தார் வசம் இருந்தது. 1938இல் 25 சதவீதம். வட்டிக்காக வந்தவர்கள் வயலோடு நின்றார்கள். நிலம் அவர்களுக்கு வேண்டியதாக இல்லை, விற்க ஆளும் இல்லை. பின்னால் போரும் நிலச் சீர்திருத்தமும் வந்து அதையும் கொண்டுபோயின.

எல்லோருக்கும் ஒரே நாளில் வரும் அடி. நியூசிலாந்து ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகள் அஞ்சுவது இதற்குத்தான். ஆக்லாந்து வீட்டு விலை விழுந்தால் ஒனிஹங்காவிலும் பக்கத்து மவுண்ட் ராஸ்கிலிலும் சேர்ந்தே விழும். 2013 அக்டோபரில் வீட்டு மதிப்பில் எவ்வளவு பங்கு கடனாகலாம் என்பதற்கு வரம்பு வந்தது. வாடகை முதலீட்டாளருக்கான முன்பணம் 2016இல் 40 சதவீதமானது. 2020இல் கொரோனா காலத்தில் வரம்பே தூக்கப்பட்டு, 2021இல் மீண்டும் 40க்கு வந்து, பின் 35, 2024 ஜூலையில் 30 என்று இறங்கியது. அதே 2024 ஜூலையில் வருமானத்துக்கும் வரம்பு வந்தது: மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தைப் போல ஏழு மடங்கைத் தாண்டும் முதலீட்டாளர்களுக்கு, வங்கி தன் முதலீட்டுக் கடன்களில் 20 சதவீதம் வரைதான் கொடுக்கலாம். புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு இரண்டு வரம்பும் பொருந்தாது. பதிவுபெற்ற வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தாது. சம்பளமில்லாதவர்கள் கடைசியில் அந்த நிறுவனங்களின் வாசலில் நிற்பது இதனால்தான். அங்கே கேள்வி குறைவு, வட்டி கூட.

நம் 10 லட்சம் வீட்டுக்கு 3 லட்சம் முன்பணம், 7 லட்சம் கடன் என்றால் ஏழு மடங்குக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வருமானம் வேண்டும். வாடகை 39,000 போக மீதி 61,000 வேறெங்கிருந்தோ வர வேண்டும். முன்பணத்தைப் பழைய வீட்டின் உயர்ந்த மதிப்பிலிருந்து எடுத்தால் அதுவும் கடனே. மொத்தம் 10 லட்சமாகும், வேண்டிய வருமானமும் அதற்கேற்ப ஏறும். கடனே இல்லாத பெரிய வீட்டில் குடியிருந்துகொண்டு, 65 வயதுக்கு மேல் கிடைக்கும் அரசு ஓய்வூதியத்தில் வாழும் தம்பதிக்கு வங்கி தயங்குவதன் காரணம் இதில் இருக்கிறது. சுவரிலிருக்கும் செல்வம் தவணை கட்டாது.

சரி, ஈடாக நிலம் இருக்கிறதே, கடன் திரும்பி வராவிட்டால் விற்றுக்கொள்ளலாமே என்றால், ஈடும் சட்டம் நிற்கிறவரை நிற்பதுதான். ஒனிஹங்காவுக்கு எதிர்க்கரையில் மாங்கெரே. ஃபென்சிபிள்கள் வந்து இரண்டு ஆண்டில், 1849இல், வைக்காட்டோ மாவோரித் தலைவர் தெ ஃபெரோஃபெரோவின் மக்களுக்கும் அங்கே, ஆக்லாந்தைக் காக்கத் துணை நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்போடு, நிலம் ஒதுக்கப்பட்டது. 1863 ஜூலையில் அதே கிரே, அக்கரையில் இருந்த மாவோரிகள் அரசிக்கு விசுவாச உறுதி எடுக்க வேண்டும், இல்லையேல் வைக்காட்டோவுக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்தார். பெரும்பாலோர் போனார்கள். அவர்கள் விட்டுப்போன பல நிலங்கள் பறிமுதலாயின. அவற்றில் ஒன்றான இஹுமாட்டாவோ நிலத்துக்காக 2019இல் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஒனிஹங்காச் சிப்பாயின் ஏக்கரோ பத்திரமாகப் பேரப்பிள்ளைகளுக்குப் போனது, அல்லது விலைக்குப் போனது. ஒரே கழியின் இரண்டு கரை, ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒப்பந்தம்.

இவ்வளவையும் அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. சம்பளம் இல்லாத கடன் என்று இவற்றில் எதுவும் இல்லை. ஃபென்சிபிளின் குடிசைக்குப் பின்னால் பிரிட்டனில் வரி கட்டியவர்கள் இருந்தார்கள். 1958இன் தாய்க்குப் பின்னால் நியூசிலாந்து அரசின் கஜானா. இன்றைய முதலீட்டாளருக்குப் பின்னால் குடியிருப்பவர் இருக்கிறார். வங்கி வாடகையை எண்ணும்போது அது எண்ணுவது, தான் சந்தித்தே இராத ஒரு செவிலியரின், ஒரு கிடங்குத் தொழிலாளியின் சம்பளத்தை. அவர்களுடைய சம்பளம் வாடகைக்குப் போதாதபோது, 1993இலிருந்து இருக்கும் குடியிருப்பு உதவித்தொகையாக அரசு ஒரு பங்கைப் போடுகிறது.

எனவே வீடு வாங்கி முடிந்ததும் நடப்பது இது. இரண்டு ஆண்டுக் கணக்குகளைச் சுமந்துகொண்டு வங்கி வங்கியாக அலைந்த அந்தச் சொந்தத் தொழில்காரர், இப்போது மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார். குடிவர விரும்புகிறவரிடம் வாடகை கட்டும் வசதிக்குச் சான்று கேட்கிறார்; பெரும்பாலும் அது சம்பளச் சீட்டு. பொதுவாக நான்கு வார வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்க முடியாது, வாங்கியதையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரரான இவருடைய வங்கிக் கணக்கில் எந்த நாள் எந்தக் கடையில் எவ்வளவு செலவு என்று கடன் கொடுத்த வங்கி வரி வரியாகப் பார்த்திருக்கும். குடிவருகிறவரின் செலவை அப்படி இவரால் பார்க்க முடியாது. வீட்டுக்காரர்கள் அதைக் கேட்பது ஏறக்குறைய ஒருபோதும் நியாயமாகாது என்று நியூசிலாந்தின் தனியுரிமை ஆணையர் 2021இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டார்.